திங்கட்கிழமைகளில் வெடிக்கும் டிரைவ்

டிசம்பர் 3, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று முற்பகல் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி இந்தப் பட்டறையில் கழற்றிய ஸ்க்ரூக்கள் எவர்சில்வர் கிண்ணத்திலும், மிக்சர் பிளாஸ்டிக் கிண்ணத்திலும் வைக்கப்படும். எனக்குப் பின் யார் பொறுப்புக்கு வந்தாலும் இதை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. உதவியாளர் அபிராமி மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஸ்க்ரூவைக் கடைவாய்ப் பல்லால் கடித்தது நான்தான் என்பதால் இதில் அவளுக்குக் கருத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

மற்றபடி ஒரு சிறு செய்தி. பொன்னுச்சாமி அண்ணன் யூனிட்டிலிருந்து அதே டிரைவ் நேற்று மறுபடியும் வந்திருக்கிறது. மங்கலம் ரோட்டில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் யூனிட். கம்ப்ரசர் ரூமை ஒட்டி நிற்கும் நாலாம் நம்பர் மெஷின். தீபாவளிக்குப் பிறகு இது மூன்றாவது முறை. மூடியைத் திறந்ததும் கருகல் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே மாட்யூல் வாய் பிளந்து கிடக்கிறது. போன மாதம் நானே என் கையால் மாற்றிய மாட்யூல்.

டிசம்பர் 4, புதன்

வேலைக்கு நடுவே போன வாரக் கல்யாண வீடு ஞாபகம் வந்தது. சின்னம்மா பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "இப்ப என்ன கண்ணு பண்றே?"

"டிரைவ் ரிப்பேருங்க சின்னம்மா."

"டிரைவிங் ஸ்கூலா? பரவால்ல, பொம்பளைப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடு."

விளக்கினேன். மோட்டாரை வேண்டிய வேகத்தில் ஓட்டும் இன்வெர்ட்டர் பெட்டிதான் டிரைவ். வருகிற கரண்டை நேராக்கி, மறுபடி துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். வெட்டுவதற்கு மாட்யூலுக்குள் ஆறு சுவிட்சுகள், மேலும் கீழுமாக மூன்று ஜோடி. ஒரு ஜோடியில் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாத இரண்டு சம்பந்திகள். ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டிய பிறகுதான் மற்றவர் படியேற வேண்டும். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் ஷார்ட் சர்க்யூட். கண் இமைக்கும் முன் எல்லாம் முடிந்திருக்கும்.

சின்னம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டு வரிசை தள்ளி அவருடைய சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள டிரைவுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. சுவிட்ச் ஆன் ஆன கணத்தில் அதன் இரு முனைகளுக்கு நடுவே வோல்டேஜ் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவு மீறிக் கரண்ட் பாய்கிறது என்று பொருள். காவல் அந்த நொடியே எல்லாச் சுவிட்சுகளையும் ஆஃப் செய்துவிட்டுத் திரையில் ஃபால்ட் காட்டும். இந்த டிரைவில் அந்தக் காவல் சுற்று நன்றாகவே இருக்கிறது. இன்று சோதித்துப் பார்த்துவிட்டேன்.

காவல் விழித்திருந்தும் மூன்று முறை வெடித்தது எப்படி? கத்தியது யார் காதிலும் விழவில்லையா?

டிசம்பர் 5, வியாழன்

பொன்னுச்சாமி அண்ணன் போன் செய்தார்.

"சித்ரகலா அம்மிணி, டிரைவ் கம்பெனி இஞ்சினியரு வந்து பாத்துட்டுப் போனாருங்க. வயரிங்ல ஷார்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. எலக்ட்ரீசியன் கை சரியில்லீங்க."

"மாரிச்செல்வம் வயரிங்க நானும் பாத்திருக்கேனுங்ணா. சுத்தமான வேலைங்க."

"சுத்தமாத்தான் இருக்குதுங்க. வெடிக்குதுங்களே. நானும் மூணு தடவை பொறுத்துப் பாத்துட்டேன். இன்னொருக்கா ஆச்சுன்னா ஊட்டைக் காலி பண்ணிக்கச் சொல்லிருவேனுங்க."

எங்கள் பக்கத்து மரியாதையைக் குறை சொல்ல முடியாது. ஒருவருடைய வேலையையும் வீட்டையும் ஒரே வாக்கியத்தில் பிடுங்கும்போதும் கடைசியில் ஒரு 'ங்க' போடத் தவறுவதில்லை.

ஊடு என்று அவர் சொன்னது யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸை. மாரிச்செல்வம் உசிலம்பட்டிக்காரர், அந்த யூனிட்டின் ஒரே எலக்ட்ரீசியன். மனைவி ஒச்சம்மாள் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் மோனிஷா பன்னிரண்டாம் வகுப்பு; பொதுத் தேர்வு மார்ச்சில். இப்போது அறையைப் பிடுங்கினால் அந்தப் பெண் எந்த ஊரில் இருந்து எந்தப் பள்ளிக்குப் போவாள்?

வயரிங் தப்பு என்று எழுதிக் கொடுத்த இஞ்சினியர் டிரைவ் மாட்டும் மின் பேனலைத் திறக்கவே இல்லையாம். டீ மட்டும் குடித்திருக்கிறார்.

டிசம்பர் 6, வெள்ளி

மாலையில் மாரிச்செல்வமே பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

"என் கையில தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருங்க மேடம். நானே பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

"இருந்தால் சொல்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்க. வெடிப்பதற்கு முன்னால் திரையில் ஃபால்ட் காட்டியதா?"

அவர் தரையைப் பார்த்தார். "காட்டுச்சு."

"காட்டினால் என்ன செய்வீங்க?"

"ரீசெட் அடிப்பேன்."

"மறுபடி காட்டினால்?"

"மறுபடி அடிப்பேன். பின்னாடி சூப்பர்வைசரு, அவருக்குப் பின்னாடி சின்ன முதலாளின்னு வரிசையா நிக்கிறாய்ங்க மேடம். ஏழரைக்குள்ள மெஷின் ஓடணும்ங்குறாய்ங்க. ஏன்னு கேட்டா மொறைக்கிறாய்ங்க. அடிக்காம என்ன செய்யச் சொல்றீங்க?"

ஆக, காவல் கத்தியிருக்கிறது. கத்தக் கத்த வாயைப் பொத்தியிருக்கிறார்கள். திருப்பூரில் ஃபால்ட் என்பது யாருக்கும் செய்தி அல்ல, உற்பத்திக்குத் தடங்கல். தடங்கலுக்கு மருந்து ரீசெட். ஷார்ட் இருக்கும்போதே திரும்பத் திரும்ப உயிர் கொடுத்தால் எந்த மாட்யூலும் தாங்காது. கறாராகப் பார்த்தால் வெடிக்க வைத்தது மாரிச்செல்வத்தின் விரல்தான். பொன்னுச்சாமி அண்ணனிடம் இதைச் சொன்னால் விரலைப் பிடித்துக்கொள்வார், ஷார்ட்டை விட்டுவிடுவார். அதனால் சொல்லப்போவதில்லை. ஷார்ட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் வாயைத் திறப்பதாக இல்லை.

கிளம்பும்போது அவர் சொன்னது: "மார்ச்சு வரைக்கும் ஓடுனாப் போதும் மேடம். புள்ள பரிச்சைய முடிச்சுரும். அதுக்கப்புறம் எங்கிட்டுப் போனாலும் பொழச்சுக்கிருவம்."

டிசம்பர் 9, திங்கள்

புது மாட்யூல் போட்டாயிற்று. குண்டு பல்பு வழியாகக் கரண்ட் விட்டுச் சோதித்தோம். டிரைவுக்குப் போகிற வழியில் ஒரு பெரிய பழைய மஞ்சள் பல்பை நடுவில் மாட்டுவது வழக்கம். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு தரம் மின்னி அடங்கிவிடும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். கரண்டை அது வாங்கிக்கொள்வதால் மாட்யூல் பிழைத்துவிடும். கடையில் இந்தப் பல்பை இப்போது யாரும் விற்பதில்லை. பழைய இரும்புக் கடையில் அபிராமி பேரம் பேசி வாங்கி வந்தது.

பல்பு மின்னி அடங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு மோட்டார் மாட்டி நாள் முழுக்க ஓட்டினோம். ஒரு முனகல் கூட இல்லை. என் மேஜையில் இது உலகத்திலேயே ஒழுக்கமான டிரைவ். அங்கே போனால்தான் புத்தி மாறுகிறது.

அபிராமி திடீரென்று சொன்னாள்: "இந்தப் பெட்டி என்னைக்கு வந்தாலும் எனக்கு வயிறு காயுதுக்கா."

"ஏன்?"

"நான் திங்கக்கிழமை விரதம்ல. மூணு தடவையும் பட்டினியா உக்காந்துதான் இதோட மூடியக் கழட்டுனேன். கருகுன வாசத்துக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு, அதான் நல்லா ஞாபகம் இருக்கு."

மூன்று முறையும் திங்கட்கிழமை. மூன்று முறையும் காலை. நான் இதைக் கவனிக்கவே இல்லை. திங்கட்கிழமைகளில் எனக்குப் பசிப்பதில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

அடுத்த திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கலாமா என்று பொன்னுச்சாமி அண்ணனிடம் கேட்டேன்.

"வாங்க, ஆனா வெள்ளெனவே வந்துருங்க அம்மிணி. ஏழரையிலிருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலமுங்க. வாரத்துல மொத மொதல்ல மெஷின் போடறது, அதுக்கு முன்னாடியே ஓட்டிப்போடோணும். ராகு காலத்துல போட்டா வெளங்குமுங்களா?"

ஏழரையின் மர்மம் விளங்கியது. டிரைவை ராகுவிடமிருந்து காப்பாற்றத்தான் மாரிச்செல்வத்தின் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. கரண்ட் இல்லை. டிரைவ் பழுது பார்ப்பவளுக்குக் கரண்ட் இல்லாத நாளில் சொந்தக் கருத்து என்று எதுவும் இருப்பதில்லை.

டிசம்பர் 16, திங்கள்

நிறைய எழுத வேண்டும்.

மார்கழி முதல் நாள். டிரைவை மாரிச்செல்வம் சனிக்கிழமையே வாங்கிப் போய்ப் பேனலில் மாட்டிவிட்டார். குளிரில் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. பல்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அபிராமி பின்னால் உட்கார்ந்து வந்தாள். போய்ச் சேர்ந்தபோது யூனிட்டே நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. பொன்னுச்சாமி அண்ணனின் மகன், சின்ன முதலாளி நித்தீஷ் ஒரு ஸ்டூல் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். கோவையில் எம்.பி.ஏ. முடித்துத் தீபாவளிக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். முன்பெல்லாம் மெஷின்களில் படிந்த பஞ்சுத் தூசு போகச் சனிக்கிழமை சாயங்காலம் ஏர் அடிப்பார்கள், அதாவது கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி ஊதுவார்கள். இவர் வந்ததும் அதைத் திங்கட்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்.

"வாரத்தைச் சுத்தத்தோட ஆரம்பிச்சா ஒரு பாசிட்டிவ் எனர்ஜிங்க அக்கா. போட்டோ எடுத்து ஃபாரின் பையருக்கு அனுப்பறோம்."

அறுவைச் சிகிச்சைக்குத் தயார் செய்வது மாதிரி எல்லா பேனல் கதவுகளையும் திறந்து வைத்தார்கள். முதல் ஏர் கன் நாலாம் நம்பர் மெஷினுக்கு. கம்ப்ரசர் ரூமை ஒட்டி இருப்பது அதுதானே. பீகார்ப் பையன் ஒருவன் குழாயை மாட்டி பேனலுக்குள் ஒரு அடி அடித்தான்.

என் மூக்குக் கண்ணாடி மங்கியது.

கழற்றிப் பார்த்தேன். பொடிப் பொடியாகத் தண்ணீர். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். டிரைவின் காற்றோட்டத் துளைகளில் பஞ்சு ஈரமாக ஒட்டிக் கிடந்தது. காற்று வரும் என்று நினைத்து அவன் மழையை அடித்துக்கொண்டிருக்கிறான்.

நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். பல்பை நடுவில் மாட்டி, மாரிச்செல்வத்தை மெயினைப் போடச் சொன்னேன். ஸ்டார்ட் கொடுத்ததும் பல்பு கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. திரையில் ஃபால்ட். மாரிச்செல்வத்தின் விரல் தானாக ரீசெட்டுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மூடியைக் கழற்றிக் காட்டினேன். சுவிட்சுகளுக்கு உத்தரவு போடும் பலகையில், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பஞ்சு திரி மாதிரிக் கிடந்தது, தண்ணீரைக் குடித்துக்கொண்டு. சம்பந்திகள் இருவரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டது இந்தத் திரிதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கம்ப்ரசர் ரூமுக்குப் போனேன். ஞாயிறு முழுக்கக் குளிர்ந்த காற்றுத் தொட்டியின் அடியில் தண்ணீர் இறங்கும். அதைத் தினமும் திறந்துவிடத்தான் அடியில் ஒரு வால்வு. வால்வின் கைப்பிடியில் ரிப்பன் கட்டி 'திறக்கக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். தரை பளபளவென்று பச்சை, ஓரத்தில் மஞ்சள் கோடு.

நித்தீஷ் பின்னாலேயே வந்தார். "தண்ணி சிந்துனா பெயிண்ட் உரியுதுங்க அக்கா. ஆடிட்டுக்குன்னு புதுசா அடிச்சது."

"வால்வைத் திறந்து எத்தனை நாள் ஆச்சு தம்பி?"

"தீபாவளிக்கு அப்புறம் தொறக்கவே இல்லீங்க." பெருமையாகத்தான் சொன்னார்.

ஒரு மின்விசிறியைப் பேனலுக்கு நேரே வைத்துக் காத்திருந்தோம். ஈரம் காய்ந்தது. மறுபடி ஸ்டார்ட். பல்பு மின்னி அடங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தோம். நாலாம் நம்பர் ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பொன்னுச்சாமி அண்ணன் விபூதியோடு உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது.

"பாத்தீங்களா அம்மிணி? ராகு காலம் முடிஞ்சுது, மெஷின் ஓடுது."

"முதல்ல ஃபால்ட் காட்டினது ஏழரைக்கு முன்னாடிங்ணா."

"பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் நிமிசம் முன்னப் பின்ன இருக்குமுங்க."

தண்ணீர், பஞ்சு, வால்வு, பச்சைத் தரை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. தொழிலாளர்கள் எல்லோரும் மெஷினைப் பார்ப்பது மாதிரி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்பையன் படிச்சுப்போட்டு வந்து யூனிட்டைச் சுத்தமா வெச்சிருக்கறான். அதுதான் தப்புங்களா?"

"தப்புன்னு சொல்லலீங்ணா, அந்த வால்வை மட்டும்—"

"பல்பு எரிஞ்சுதுங்களா இல்லீங்களா? ஷார்ட்டுன்னு நீங்களேதான் எல்லாத்துக்கும் முன்னாடி காட்டுனீங்க. அந்த இஞ்சினியரும் அதத்தான் சொன்னாரு. நேரம் ஒரு பக்கம், இவன் கை ஒரு பக்கம்." மாரிச்செல்வத்தின் பக்கம் திரும்பினார். "பொங்கலுக்கு ஊருக்குப் போனீன்னா அப்படியே இருந்துக்கப்பா. திரும்ப வரோணும்னு இல்லை."

மாரிச்செல்வம் "சரிங்க மொதலாளி" என்றார். வேறு என்ன சொல்வார்?

டிசம்பர் 17, செவ்வாய்

தூக்கமே வரல. எதுக்கு அந்தப் பல்ப எல்லாத்துக்கும் முன்னாடி மாட்டுனேன்? அறிவாளித்தனம். கண்டுபிடிச்சது நான், மாட்டிக்கிட்டது அவரு. மகன் தப்புன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னா எந்தக் கவுண்டர் ஒத்துக்குவாரு? நானும் கவுண்டச்சிதானே, இது கூடத் தெரியாதா எனக்கு—

சரி. போதும். நிதானமாக எழுதுகிறேன்.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று. அது பாதி வேலை. கண்டுபிடித்ததை ஒருவர் ஒத்துக்கொள்ள ஒரு வழியும் விட்டுவைக்க வேண்டும் என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. மின்சாரத்துக்கு மானம் இல்லை. மனிதர்களுக்கு உண்டு, பேனல் சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

டிசம்பர் 20, வெள்ளி

ஒச்சம்மாளை மார்க்கெட்டில் பார்த்தேன். மகளை மட்டும் இங்கே யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போகலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். "வயசுக்கு வந்த புள்ளைய யாரு வீட்டுல விடுறது, நீங்களே சொல்லுங்க" என்றார். பிறகு அவரே, "விட்ருங்க. உங்கள வேற சங்கடப்படுத்துறேன்" என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

யோசித்துவிட்டேன்.

அண்ணன் சொன்னது: நேரம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இரண்டில் ஒன்றை அவர் வாயாலேயே நீக்க வைக்க வேண்டும். நீக்க வேண்டியது கை. மீதி நிற்பது நேரம். நிற்கட்டும். ராகுவுக்கு மகள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கவில்லை.

பல்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். அபிராமி கேட்டாள்: "நாளைக்கும் அங்கயாக்கா? அவுங்க உள்ள விடுவாங்களா?"

"கும்பிட்டுக் கேட்டால் விடுவார்கள். கொங்கு நாட்டில் கும்பிட்டுக் கேட்டவரைத் திருப்பி அனுப்புவது கௌரவக் குறைச்சல்."

டிசம்பர் 23, திங்கள்

விட்டார்கள்.

"ஒரே ஒரு தடவைங்ணா. நேரத்துனால வருதா, கையினால வருதான்னு பாத்துரலாம். உங்களுக்கே சந்தேகம் தீந்துரும்" என்றேன். அண்ணன் தாடையைத் தடவினார். சந்தேகம் தீர்வதில் யாருக்கும் ஆட்சேபணை இருப்பதில்லை.

வழக்கம்போல் நீலத் தொப்பி, வழக்கம்போல் ஏர் கன், வழக்கம்போல் பேனலுக்குள் தூறல். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மாரிச்செல்வத்தைக் கேட் வரைக்கும் நடந்துபோய் வாட்ச்மேன் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவர் போட்ட மோட்டார் வயர் மூன்றையும் கழற்றித் தனியாகச் சுருட்டி வைத்துவிட்டு, கரண்ட் வரும் வழியில் என் வயரையும் பல்பையும் மாட்டினேன்.

"இப்ப இந்த டிரைவுல அவர் போட்ட வயர் ஒண்ணும் இல்லீங்ணா. அவரும் பக்கத்துல இல்லை. பஞ்சாங்கத்தைப் பாத்து, நல்ல நேரமா ஒண்ணை நீங்களே சொல்லுங்க. மெயினை நீங்களே போடுங்க. ஸ்டார்ட்டும் உங்க கைதான்."

"என்ற கையா?"

"உங்க யூனிட்டு, உங்க கைங்ணா. அதுக்கு மேல ராசியான கை ஏது?"

ஊழியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முதலாளி தன் கை ராசியில்லை என்று சொல்ல முடியுமா? செல்போனில் பஞ்சாங்கம் பார்த்தார். ஏழே கால் மணியை நல்ல நேரம் என்று தீர்மானித்தார். மோதிர விரலால் சாமி படத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு மெயினைப் போட்டார். ஸ்டார்ட்டை அழுத்தினார்.

பல்பு எரிந்தது, முழுசாக. அவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. சட்டையில் கறை பட்டது மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார்.

தொப்பிகள் எல்லாம் கீழே பார்த்தன. நித்தீஷ் மட்டும் என்னைப் பார்த்தார். கம்ப்ரசர் ரூம் பக்கம் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது அந்தப் பிள்ளைக்கு. படித்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அவரைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

"அப்ப இது கையில இல்லீங்ணா" என்றேன்.

அண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ற கையில ஒண்ணுமில்லீங்க. இது நேரந்தானுங்க. திங்கக்கிழமை காலை நேரமே ஆகலை."

"நேரம்னா ஒம்போதுக்கு மேல போட்டுக்கலாமுங்ளா?"

"ராகு காலம் முடிஞ்சு போடறதுதானுங்க சரி. நானும் அதத்தான் நெனச்சேன்."

"இன்னொண்ணுங்ணா. கம்ப்ரசர் தொட்டி அடியில ஒரு வால்வு இருக்குது. தெனமும் அதைத் தொறந்து விடோணும். திங்கக்கிழமை மறக்கவே கூடாதுங்க."

"அதுவும் இதுக்குத்தானுங்ளா?"

"இதுக்கேதானுங்ணா."

"செஞ்சுருவோம்" என்றார். அவரிடம் நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதை நாட்குறிப்பில் குறித்து வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். பின்னால் நானே மறந்துவிடக் கூடும்.

கடைசியாகக் கேட்டேன்: "அப்ப மாரிச்செல்வம்?"

"ராகுவுக்கு அவன் என்னங்க பண்ணுவான்?" என்று சிரித்தார். பிறகு கேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏப்பா, அங்க என்ன வாட்ச்மேன்கூடப் பேச்சு? வந்து மெஷினைப் பாரு. பல்பு எரிஞ்சுட்டுக் கெடக்குது."

அபிராமி திரும்பி வரும் வழியில் சொன்னாள்: "அக்கா, நீங்க படிச்ச படிப்புக்கு இது அநியாயம்."

"எந்தப் படிப்புக்கு?" என்றேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

நித்தீஷ் போன் செய்தார். வால்வில் ஒரு டியூப் மாட்டிச் சுவரைத் துளைத்து வெளியே சாக்கடைக்கு விட்டாயிற்றாம். தரை நனைவதில்லை. 'திறக்கக் கூடாது' அட்டைக்குப் பதில் 'தினமும் திறக்கவும்' என்று எழுதி மாட்டியிருக்கிறார். அதே ரிப்பன்.

"ரொம்பத் தேங்ஸுங்க அக்கா."

எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரீசெட் பொத்தானைப் பற்றி மட்டும் சொன்னேன். ஃபால்ட் காட்டினால் ஒரு முறைக்கு மேல் யாரும் அடிக்கக் கூடாது. உடனே எனக்குப் போன் செய்ய வேண்டும். சரி என்றார். பிறகு, "அதையும் ராகுன்னே சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டார். இந்தப் பிள்ளை தொழிலில் முன்னுக்கு வரும்.

டிசம்பர் 30, திங்கள்

போன் வரவில்லை. அபிராமி விரதம் இருந்தாள். மூடி எதுவும் கழற்றவில்லை.

ஜனவரி 11, சனி

மாரிச்செல்வம் குடும்பத்தோடு பொங்கலுக்கு ஊர் போகிறார். பட்டறை வழியாகத்தான் பஸ் ஸ்டாண்ட் போக வேண்டும் என்று சொல்லி வந்தார். வழி அது இல்லை.

"மொதலாளி என்னா சொன்னாரு தெரியுமா மேடம்? இருவதாம் தேதி திங்கக்கிழமை, ஒம்பதுக்கு மெஷின் போடணும், லேட்டா வந்தா பாத்துக்கன்னு திட்டி அனுப்புறாரு."

"சந்தோஷமா?"

"திட்டுறாருல்ல" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

மோனிஷா பையை இறக்காமல் நின்றாள். ஊருக்கும் இயற்பியல் புத்தகத்தைக் கொண்டுபோகிறாள். என் மேஜையில் கிடந்த வெடித்த மாட்யூலைக் காட்டி, "இதுக்குள்ள டிரான்சிஸ்டரா இருக்கு?" என்று கேட்டாள். "அதன் பெரியப்பா" என்றேன். எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். கொடுத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை குறைவு. பக்கத்து யூனிட் தங்கராஜ் அண்ணன் வந்து ரகசியமாகக் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை ராகு காலம் மதியம் மூணுலிருந்து நாலரைங்க. அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திரலாமுங்களா? பொன்னுச்சாமி யூனிட்டுல அதுக்கப்புறம் ஒரு டிரைவும் போகலையாமே?"

மெஷினை நிறுத்த வேண்டாம், தினமும் காலையில் கம்ப்ரசர் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும் என்று சொன்னேன்.

அவர் என்னை ஏமாற்றமாகப் பார்த்தார். "அவ்வளவுதானுங்ளா?"

"எந்தத் திசையைப் பாத்துத் தொறக்கோணும்?" என்றும் கேட்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

மங்கலம் ரோட்டில் இன்னும் மூன்று யூனிட்டுகள் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேல்தான் மெஷின் போடுகின்றன என்று அபிராமி விசாரித்து வந்து சொன்னாள். அவற்றில் இரண்டு நம் வாடிக்கையாளர்கள். இருந்தவர்கள் என்று எழுதுவதுதான் சரி; இப்போதைக்கு அங்கிருந்து ஒரு டிரைவும் பழுதாகி வரவில்லை.

கம்ப்ரசர் வால்வைப் பற்றி அவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. நாளைக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். கேட்காவிட்டால் மறுநாளும் போகிறேன்.

மார்ச் 3, திங்கள்

இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு தொடங்கியது. முதல் நாள் தமிழ். மாரிச்செல்வம் மோனிஷாவை மொபெட்டில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு வந்து நாலாம் நம்பர் மெஷினைப் போட்டார்.